ஹார்லன் வீட்டுத் தார்ப்பாய்க்கு அடியில்

ஆர்டன் ஸ்டோர்லிக்குச் சனிக்கிழமை என்றால் கராஜ் விற்பனைதான். மே மாதம் பனி கரைந்து, ஊர்க்காரர்கள் கராஜ் கதவைத் தூக்கிவிட்டு வேண்டாத சாமான்களை மடக்கு மேஜைகளில் பரப்ப ஆரம்பித்தால், செப்டம்பர் வரைக்கும் ஒரு வாரம்கூட விடமாட்டார். வண்டி ஓட்டுவது அவர் மனைவி லவோன். கவுண்டி நிர்வாகத்துக்காகக் காலமெல்லாம் பனி தள்ளும் லாரி ஓட்டியதில் ஆர்டனுடைய முழங்கால்கள் இரண்டும் போய்விட்டன. கிளட்சை மிதித்தால் பல்லைக் கடித்துக்கொள்வார்.

லவோனும் நானும் பள்ளிக்கூடச் சமையலறையில் வெகுகாலம் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். பக்கத்துப் பக்கத்து வீடும்கூட. நான் சொல்லப்போவதில் பாதி நான் பார்த்தது, மீதி அவள் பிற்பாடு சொன்னது.

விற்பனைக்குப் போனால் ஆர்டன் மற்ற எதையும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார். தூண்டில் சாமான் மட்டும்தான். மலிவாக வாங்குவதற்கு ஒரு நிதானம் வேண்டும், அது அவரிடம் இருந்தது. நரம்பு சுற்றும் நல்ல ரீல் ஒன்று கண்ணில் பட்டால் முதலில் அதன் பக்கமே போகமாட்டார். துருப்பிடித்த மீன்குஞ்சு வாளியைத் தூக்கிப் பார்த்து, விலை கேட்டு, உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கீழே வைப்பார். பிறகு போகிறபோக்கில் எடுப்பதுபோல ரீலை எடுத்துக் கைப்பிடியை மெல்லச் சுற்றுவார். உள்ளே மணல் அரைபடுகிறதா என்று விரலுக்குத் தெரியும். தூண்டில் கம்பின் நுனி வளையத்துக்குள் சட்டைப்பையில் இருக்கும் பஞ்சைவிட்டு இழுப்பார். பஞ்சு சிக்கினால் வளையத்தில் விரிசல், கம்பு வேண்டாம். தூண்டில் பெட்டியைத் திறந்து மோந்து பார்ப்பார். இரையாக மாட்டும் ரப்பர் புழுக்கள் வெயிலில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பெட்டிக்கு ஒரு வாடை உண்டு.

அந்தச் சாமான்கள் சந்தைக்கு வரும் வழிகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். யாராவது செத்திருப்பார்கள். அல்லது புருஷன் பெண்டாட்டி பிரிந்திருப்பார்கள். இல்லையென்றால் குளிர் தாங்காமல் அரிசோனாவுக்குக் கிளம்பியிருப்பார்கள். விற்க உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு அது ஒழிந்தால் போதும் என்றிருக்கும். நூற்றைம்பது டாலர் ரீலை மூன்று டாலருக்குத் தள்ளிவிட்டு, காபியும் ஊற்றிக் கொடுப்பார்கள்.

இரண்டு கோடையாக இப்படி வாங்கிச் சேர்த்தார். ஊரில் சிலர் கேலி பேசினார்கள். இத்தனை தூண்டில் வாங்குகிறவர் ஏரிக்கு ஒரு நாள்கூடப் போகவில்லையே என்று. நானும் அதைக் கிழவர்களுக்கு வரும் ஒரு பித்து என்றுதான் நினைத்தேன். லவோனிடம் ஒருமுறை கேட்டபோது, "போகட்டும் விடு, வெளிய காத்து வாங்கின மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தாள்.

உண்மை வேறு. ஆர்டன் மலிவுச் சாமான் தேடவில்லை. தன்னுடைய சாமானைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவர்களுக்கு ஒரே மகன், டெரிக். கூரை வேய்கிற வேலை. ஒருநாள் கூரையிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு நகர்ந்துவிட்டது. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. டாக்டர் எழுதிக் கொடுப்பதை நிறுத்தியதும் வெளியில் வாங்க ஆரம்பித்தான். வேலை போயிற்று, கூட இருந்த பெண்ணும் போய்விட்டாள். குளிர்காலத் தொடக்கத்தில் பெற்றவர்கள் வீட்டு நிலவறைக்கு வந்து சேர்ந்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க ஆர்டன் ராப்பகலாகச் சாலையில் பனி தள்ளிக்கொண்டிருந்தார். அதுதான் வேலையில் அவருடைய கடைசி வருஷம். வசந்தத்தில் படகை எடுக்கலாம் என்று கராஜின் பின்பக்க அலமாரியைத் திறந்தால் உள்ளே ஆணிகள் மட்டும் இருந்தன. கம்புகள், ரீல்கள், பழுப்புப் பெட்டி, ஐஸில் துளைபோடும் மெஷின், ஏரியின் ஆழம் காட்டும் கருவி, எதுவுமே இல்லை.

யார் எடுத்தது என்று அவர் கேட்கவே இல்லை. அலமாரியைச் சாத்தினார். லவோன் கேட்டபோது, பெமிட்ஜியில் இருக்கும் மச்சானுக்கு, அதாவது தன் தங்கை கணவருக்கு, இரவல் கொடுத்திருப்பதாகச் சொன்னார். அவள் தலையாட்டினாள். அந்தக் கோடையிலேயே டெரிக் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டான். எங்கெங்கோ கிடந்து, இரண்டு தடவை சிகிச்சைக்குப் போய், இரண்டாவது தடவை எப்படியோ பலித்தது. இப்போது ஃபார்கோவில் ஆர்டனுடைய தங்கை மகள் வீட்டில் தங்கி ஒரு டயர் கடையில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்குப் போன் பண்ணுவான். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்பான். நன்றாக இருக்கிறார் என்பாள். அதோடு சரி.

ஆர்டன் தன் கம்புகளின் கைப்பிடிக்குக் கீழே நீல நிற இன்சுலேஷன் டேப் சுற்றிவைக்கிற பழக்கம் உள்ளவர். அந்த நீலத்தைத்தான் அவர் ஊர் ஊராகத் தேடினார். நெடுஞ்சாலையோரத்து டிரெய்லர் வீட்டில் ஒரு கம்பு கிடைத்தது. சர்ச் வாசலில் போட்ட விற்பனையில் ஒரு ரீல். மற்றபடி வாங்கியதெல்லாம் தன்னுடையது மாதிரியே இருந்த அடுத்தவர் சாமான்தான். வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்ப அவருக்கு மனம் வராது.

போன ஜூனில் ஒரு சனிக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஹார்லன் பீல் வீட்டில் விற்பனை. ஹார்லன் ஏரிக்கரையில் இரைக்கடை வைத்திருந்தவர். மண்புழு, மீன்குஞ்சு, காபி, வெட்டிப்பேச்சு எல்லாம் அங்கே கிடைக்கும். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு கடையை மூடிவிட்டு, மகளோடு இருக்க சூ ஃபால்ஸுக்குப் போகிறார் என்று கேள்வி. ஒருகாலத்தில் அவரும் ஆர்டனும் உறைந்த ஏரியின்மேல் ஒரே மரக்குடிசையில் உட்கார்ந்து மீன் பிடித்தவர்கள். கொஞ்ச காலமாக அந்தப் போக்குவரத்து நின்றிருந்தது. கடைத்தெருவில் பார்த்தால் ஹார்லன் கையை மட்டும் தூக்கிவிட்டு நடையைக் கட்டிவிடுவார். ஆர்டன் அதைப் பற்றி யோசிக்கவில்லை. எல்லாருக்கும் வயதாகிறது என்று விட்டுவிட்டார்.

அன்று காலை லவோன் தலைவலி என்றாள். மழையில் போவானேன் என்றாள். கிழக்குப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் விற்பனை இருக்கிறது, அங்கே போகலாம் என்றும் சொல்லிப்பார்த்தாள். இரைக்கடைக்காரர் விற்பனைக்குப் போகாமல் வேறு எங்கே போவது என்று ஆர்டன் தொப்பியை மாட்டிக்கொண்டார். அவள் மறுபேச்சுப் பேசாமல் சாவியை எடுத்தாள்.

ஹார்லனின் கராஜில் கூட்டம் இருந்தது. லவோன் முன்பக்கம் கண்ணாடிப் பாத்திரங்கள் இருந்த மேஜையோடு நின்றுகொண்டாள். ஆர்டன் வழக்கம்போலப் பழைய வாளிகளில் தொடங்கி மெல்லப் பின்பக்கம் போனார். மூலையில் ஒரு தார்ப்பாய் எதையோ மூடியிருந்தது. ஓரத்தைத் தூக்கினார்.

நீல டேப். ஒன்றல்ல, வரிசையாக. கம்புகள் சுவரில் சாய்த்திருந்தன. கீழே பழுப்புப் பெட்டி, துளைபோடும் மெஷின், ஆழம் காட்டும் கருவி. எல்லாவற்றிலும் தூசி துடைத்திருந்தது. பெட்டியின்மேல் ஒட்டியிருந்த காகித டேப்பில் 'மொத்தமும் முப்பது' என்று எழுதியிருந்தது. அதில் ஒரு ரீலை மட்டும் விற்றாலே அதைப்போல ஐந்து மடங்கு கிடைக்கும்.

தார்ப்பாயைப் பிடித்த கை பிடித்தபடியே நின்றதாக ஆர்டன் பிறகு சொன்னாராம். சந்தோஷம் வரவில்லை. இரண்டு வருஷமாகத் தேடியது மொத்தமாகக் கண் எதிரில் இருக்கிறது, உட்கார இடம் கிடைத்தால் போதும் என்றுதான் தோன்றியதாம்.

பின்னால், ஊன்றி நடக்கிற நடைவண்டியின் சத்தம் கேட்டது. ஹார்லன் வந்து நின்றார்.

"உனக்குன்னுதான் எடுத்து வச்சிருக்கேன்" என்றார். "முந்தாநாள் ஒருத்தன் வந்து கேட்டான். இல்லைன்னுட்டேன்."

"உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

"எப்படி வந்துச்சுன்னு உனக்கே தெரியும், ஆர்டன்."

"நீ சொல்லு."

ஹார்லன் நடைவண்டியை இறுகப் பிடித்துக்கொண்டார். "டெரிக் கொண்டுவந்தான். ஒரே நாள்ல இல்ல. ஒண்ணு ஒண்ணா, அந்தக் குளிர்காலம் பூரா. அதுக்கு முன்னாடியே ஒண்ணு ரெண்டு வெளிய போயிருக்கும். கடைக்குப் பின்வாசல்ல வந்து நிப்பான். நான் வாங்கி வச்சேன். வெளியாளு எவனோ வாங்குறதுக்கு நான் வாங்குனா பொருளாவது தப்பிக்கும்னு."

"காசு குடுத்தே."

"குடுத்தேன்."

"அந்தக் காசை வச்சு அவன் என்ன வாங்குவான்னு உனக்குத் தெரியாது?"

யாரோ ஒருவர் உள்ளே வந்து, துளைபோடும் மெஷின் என்ன விலை என்று கேட்டார். அது போய்விட்டது என்று ஹார்லன் அவரைப் பார்க்காமலே சொன்னார். அவர் வெளியே போனார்.

"தம்பி மாதிரி பழகுன ஆளு நீ" என்றார் ஆர்டன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தெம்பில்லை. "ஒரு போன் பண்ணியிருந்தா போதும். வேற ஒண்ணும் வேண்டாம். ஒரு போன்."

"பண்ணினேன்."

"எப்ப?"

"முத தடவை அவன் வந்த அன்னிக்கே. நீ ரோட்டுல இருந்தே. லவோன்தான் எடுத்தா."

ஆர்டன் திரும்பிப் பார்த்தார். லவோன் கண்ணாடிப் பாத்திரங்களை விட்டுவிட்டுப் பக்கத்தில்தான் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கையில் ஒரு மூடி மட்டும் இருந்தது, பாத்திரம் இல்லாமல்.

"வாங்கிக்கோன்னு சொன்னது நான்தான்" என்றாள்.

ஆர்டன் அங்கே கிடந்த ஐஸ்பெட்டியின்மேல் உட்கார்ந்தார். முழங்கால் மடங்கியபோது முகம் சுளித்தது. அவள் அவருக்கு எதிரில் நின்றபடி, யாருக்கோ வழி சொல்வதைப்போலச் சொன்னாள். ஹார்லன் வாங்காவிட்டால் டெரிக் மினியாபொலிஸில் அடகுக்கடைக்குத்தான் போவான். முந்தைய வாரம்தான் அவன் அங்கே போய், திரும்பும் வழியில் கார் பள்ளத்தில் இறங்கி, கொட்டும் பனியில் இரண்டு மணி நேரம் உள்ளேயே கிடந்திருக்கிறான். அந்த விஷயமும் ஆர்டனுக்குத் தெரியாது. ஹார்லன் கடை என்றால் மூன்று மைல். போவான், திரும்பி வீட்டுக்கு வந்துவிடுவான்.

"எப்படியும் வாங்கத்தான் போறான். எங்க வாங்கினாலும் உயிரோட வீட்டுக்கு வந்தா போதும்னு நெனச்சேன். அதைத் தவிர அப்ப எனக்கு வேற எதுவும் தோணலை."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீ அவனை வெளிய போகச் சொல்லியிருப்பே."

ஆர்டன் இல்லை என்று சொல்லவில்லை. "ரெண்டு வருஷம், லவோன்" என்றார். "ரெண்டு வருஷமா வீடு வீடா மோப்பம் பிடிச்சிட்டுத் திரியறேன். நீ பக்கத்துல உக்காந்து வண்டி ஓட்டுறே. இது எல்லாம் இங்க இருக்குன்னு தெரிஞ்சிருந்தும்."

"நீயும்தான் மச்சானுக்குக் குடுத்தேன்னு சொன்னே. நான் உன் தங்கச்சிகிட்டக் கேக்கமாட்டேன்னா நெனச்சே?"

லவோன் தொடர்ந்தாள். டெரிக் ஒரு நிலைக்கு வந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தாளாம். வந்த பிறகு, எந்த நாளைக்குச் சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று புரியவில்லை. ஹார்லன்தான் வீட்டைக் காலி செய்ய வேண்டும், இதற்குமேல் வைத்திருக்க முடியாது என்று போன வாரம் போன் செய்திருக்கிறார்.

"வேலையிலேருந்து ஓய்வுன்னு வீட்டுக்கு வந்ததும் அந்த நாற்காலியில உக்காந்து சுவத்தையே பாத்துட்டிருந்தே. சனிக்கிழமை மட்டும்தான் ஷேவ் பண்ணிக்கிட்டே. அதையும் கெடுக்க வேண்டாம்னு விட்டுட்டேன்."

ஹார்லன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆர்டன் கையைக் காட்டி வேண்டாம் என்றார். பிறகு எழுந்து, பர்ஸிலிருந்து முப்பது டாலரை எடுத்து நீட்டினார். ஹார்லன் வாங்க மறுத்தார். ஆர்டன் அதை மேஜைமேல் வைத்து ஒரு ஈயக்குண்டைத் தூக்கிப் பாரம் வைத்தார். மழையில் ஆர்டனும் லவோனுமாக எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினார்கள். ஹார்லனால் கை கொடுக்க முடியாது. கராஜ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி கிளம்பியபோது ஆர்டன் அவரைப் பார்த்துத் தலையசைத்தாரா என்பது லவோனுக்கு நினைவில்லை.

வீட்டு வாசலில் என்ஜினை நிறுத்திய பிறகும் இருவரும் இறங்கவில்லை. கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது.

"அந்தக் குளிர்காலம்" என்றார் ஆர்டன், "ராத்திரி அவன் கார் சத்தம் கேக்குற வரைக்கும் நீயும் தூங்கலியா?"

"இல்ல."

"குறட்டை விட்டியே."

"நீயும்தான் விட்டே."

அவர் சிரித்த மாதிரி இருந்ததாம், சரியாகத் தெரியவில்லை என்றாள் லவோன். பிறகு உள்ளே போய் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சோபாவில் படுத்துவிட்டார். சாமான்கள் நான்கு நாள் வண்டியிலேயே நனைந்துகொண்டிருந்தன. என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். என்ன சமாசாரம் என்று கேட்கப்போனவள்தான், சமையலறை மேஜையில் லவோன் முழுக்கதையும் சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

பிறகு ஆர்டன் அவற்றை இறக்கினார். துருவைத் தேய்த்தார், ரீல்களைப் பிரித்து எண்ணெய் போட்டார், பழைய நரம்பை உருவிவிட்டுப் புதியது சுற்றினார். கராஜின் சுவர் முழுக்கப் புது ஆணி அடித்து, ஹார்லனிடம் வாங்கியது, அதற்குமுன் சேர்த்தது எல்லாவற்றையும் வரிசையாக மாட்டினார். ஜூலையில் என்னைக் கூப்பிட்டுக்கூடக் காட்டினார். காணாமல் போனது பூராவும் திரும்பி வந்துவிட்டது, இனி பையன் வந்தால் தயக்கமில்லாமல் நிற்கலாம், நடந்ததற்கு அடையாளமே இல்லை என்றார். நானும் ஆமாம் என்றேன். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஆகஸ்ட் கடைசியில் டெரிக் வந்தான், முதல் தடவையாக. உடம்பு தேறியிருந்தான், முன்மண்டையில் முடி கொட்டியிருந்தது. அம்மா இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுடுகிற ஹாட்டிஷ் செய்து அடுப்பில் வைத்திருந்தாள். காரின் முன்சக்கரத்தில் ஏதோ சத்தம், ஸ்பேனர் வேண்டும் என்று கராஜுக்குப் போனவன் வரவில்லை. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. ஆர்டன் எழுந்து போனார்.

டெரிக் விளக்கைப் போட்டுவிட்டுச் சுவருக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தான்.

"எல்லாத்தையும் திரும்ப வாங்கிட்டீங்களா?"

"கெடைச்சதை."

அவன் கிட்டே போய் ஒரு ரீலைத் தொட்டான். "இது நம்மளது இல்லையே. இதுவும் இல்ல. இந்தக் கம்பை நான் பார்த்ததே கெடையாது."

"ஒரே மாதிரி இருந்துச்சு."

டெரிக் அதற்குச் சிரிக்கவில்லை. "இதை எடுத்துட்டுப் போன அன்னிக்கு உங்க பொறந்த நாள்" என்று ஒரு கம்பைக் காட்டினான். "இது அம்மா சர்ச்சுக்குப் போயிருந்தப்ப." அடுத்ததைக் காட்டாமல் கையைக் கீழே போட்டுவிட்டான். "அப்பா, ஒவ்வொரு தடவை வரும்போதும் நான் இதுக்கு முன்னாடி நிக்கணுமா?"

ஆர்டன் அந்தச் சுவரை அப்படி ஒருதரம்கூடப் பார்த்ததில்லை. காணாமல்போனதை நிரப்பியதாக நினைத்திருந்தார். மகன் செய்ததையெல்லாம் ஆணியடித்து மாட்டிவைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"ஏணியைப் பிடி" என்றார்.

இருவருமாகக் கழற்றினார்கள். பாதியில் லவோன் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், கழற்றியவற்றை வாங்கி வாங்கிக் கீழே அடுக்கினாள். முடித்துவிட்டு ஆறிப்போன ஹாட்டிஷைச் சாப்பிட்டார்கள். மறுநாள் மதியம் அப்பாவும் மகனும் இரண்டு கம்பை மட்டும் எடுத்துக்கொண்டு ஏரித்துறைக்குப் போனார்கள். கொசு பிய்த்தெடுத்தது. உள்ளங்கை அகலம்கூட இல்லாத சன்ஃபிஷ் மீன்கள் சில மாட்டின, திரும்பத் தண்ணீரிலேயே விட்டார்கள். டயர் கடை முதலாளியின் கஞ்சத்தனத்தைப் பற்றி டெரிக் பேசினானாம், ஆர்டன் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

செப்டம்பரில் ஆர்டன் தன் வீட்டு வாசலிலேயே மேஜை போட்டு, கழற்றிய சாமான்களைப் பரப்பினார். வந்தவர்கள் வாளியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, போகிறபோக்கில் ரீலை எடுத்துச் சுற்றினார்கள். அவர் பேரம் பேசவில்லை, கேட்ட விலைக்குக் கொடுத்தார். மதியத்துக்குமேல் களைத்துப் போய், மிச்சத்தை விற்கும் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டு உள்ளே போனார். லவோன் எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

நவம்பர் விடுமுறைக்கு வருவதாக டெரிக் சொல்லியிருந்தான். பனி முன்கூட்டியே விழுந்ததால் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள், வரமுடியவில்லை. டிசம்பரில் வந்தான்.